5 எச்.பி. மோட்டார்… எந்தக் குதிரையோட எச்.பி.? கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் கணக்கு

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தச் சாலையில் எந்த மோட்டார் கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

"அண்ணே, அஞ்சு போதுமா, ஏழரை போட்டுரலாமா?"

"போர் எத்தனை அடி?"

"முந்நூத்தம்பது."

"அப்ப ஏழரையே போட்டுருங்க. அஞ்சு இழுக்காது."

ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இது எச்.பி., அதாவது குதிரைத்திறன். வாழைக்கும் தென்னைக்கும், புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் அடையாளமே இந்த ஓர் எண்தான். கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார், மின் வாரியமும் அதைத்தான் கேட்கிறது. ஜி.எஸ்.டி. பட்டியலில்கூட அது இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், எச்.பி. என்று சொல்லப்படும் அளவு உலகத்தில் ஒன்று இல்லை. இரண்டு இருக்கின்றன. அதைவிடப் பெரிய பிரச்சினை, மோட்டாரில் எழுதியிருக்கும் எச்.பி. எந்த முனையில் அளந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஓர் எண், எத்தனை ரூபாய்?

எச்.பி. வெறும் பேச்சு வழக்கு என்றால் விட்டுவிடலாம். ஆனா இது பணம். மின் வாரியம் தட்கல் முறையில் விவசாய இணைப்பு கொடுத்தபோது கட்டணத்தை நிர்ணயித்தது எச்.பி.யை வைத்துத்தான். 5 எச்.பி. வரை ரூ.2.5 லட்சம், 7.5 எச்.பி.க்கு ரூ.2.75 லட்சம், 10 எச்.பி.க்கு ரூ.3 லட்சம், 15 எச்.பி.க்கு ரூ.4 லட்சம். மத்திய அரசின் பி.எம்.குசும் திட்டத்தில் தனித்து இயங்கும் சோலார் பம்ப் வாங்கினால், மத்திய உதவி 7.5 எச்.பி. வரைக்கான கணக்கில்தான் கிடைக்கும். அதற்கு மேல் பெரிய பம்ப் வைத்தாலும் உதவித்தொகை ஏழரையோடு நின்றுவிடும்.

வரியிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், 15 எச்.பி.க்கு மிகாத, ஒரே வேகத்தில் ஓடும் டீசல் இன்ஜின்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கரன்ட் இல்லாத காட்டில் பம்புக்கு மாட்டுகிற இன்ஜின் பெரும்பாலும் இந்த வகைதான். 15-ஐத் தாண்டிவிட்டால் வரி 18 சதவீதம்.

இப்போது 11.1 கிலோவாட் திறன் கொண்ட ஓர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்கில் அது 15.09 எச்.பி., கோட்டைத் தாண்டிவிட்டது. இன்னொரு கணக்கில் 14.89 எச்.பி., கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. ஒரே இன்ஜின், ஒரே டீசல். வரிப் பட்டியலில் இருப்பதோ வெறும் '15 எச்.பி.'.

இரண்டு குதிரைகள் வந்த கதை

முதல் குதிரை ஜேம்ஸ் வாட்டினுடையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி இன்ஜின் விற்கப் போன இடமெல்லாம் வாட் எதிர்கொண்ட கேள்வி, "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பது. அதுவரை செக்கு இழுத்ததும் தண்ணீர் இறைத்ததும் குதிரைகள்தானே. வாட் ஒரு கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை, அதாவது 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்துகிற வேலை, ஒரு குதிரைத்திறன். இன்றைய அளவில் 745.7 வாட். சாதாரணக் குதிரை நாள் முழுக்க இந்த வேகத்தில் இழுக்காது என்பது வேறு விஷயம். விற்பனைக்காகப் பிறந்த அளவு இது.

ஐரோப்பியக் கண்டத்தில் அடியும் பவுண்டும் செல்லுபடியாகவில்லை. மெட்ரிக் முறைக்கு மாற்றினால் வாட்டின் குதிரை, விநாடிக்கு 76 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்துகிறது, கூடவே கொஞ்சம் சில்லறை. ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சில்லறையைத் தட்டிவிட்டு 75 என்று முழுசாக்கிக்கொண்டார்கள். 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். அது 735.5 வாட். ஜெர்மன் மொழியில் குதிரைத்திறனுக்கான சொல்லின் சுருக்கம்தான் பைக் விளம்பரங்களில் வரும் 'பி.எஸ்.'. (பி.எஸ்.6 என்பது வேற. அது மாசு விதி.) பல்சர் என்.எஸ். 200-க்கு 24.5 பி.எஸ். என்று பார்த்திருப்பீர்கள். அதையே பிரிட்டிஷ் குதிரையில் சொன்னால் 24.2 பி.எச்.பி. பி.எஸ்.ஸில் போட்டால் எண் கொஞ்சம் பெரிசாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஜெர்மனியிலேயே 1978-லிருந்து சட்டப்படியான அளவு கிலோவாட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் துணைக்கு வேண்டுமானால் குதிரையைப் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவிலும் சட்டத்தின் பார்வையில் திறனுக்கான அலகு வாட். ஆனால் கடையில் போய் "3.7 கிலோவாட் மோட்டார் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு குழியும் இருக்கிறது. 7.5 எச்.பி. மோட்டார் என்பது 5.5 கிலோவாட். 7.5 கிலோவாட் என்பதோ 10 எச்.பி. மோட்டார். இரண்டிலும் அதே 'ஏழரை' வருவதால், பெயர்ப்பலகையில் எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பார்க்காமல் வாங்கினால் ஒரு படி தள்ளி வாங்கிவிட வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட்டரும் கேபிளும் அதற்கேற்ப மாறும் என்பதால் இது சின்னத் தப்பு இல்லை.

பள்ளத்தாக்கில் ஓடுவது எந்தக் குதிரை?

பம்ப் கணக்கு என்று பார்த்தால் மெட்ரிக் குதிரைதான். வேளாண் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்லும் சூத்திரம் இது: விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை, எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதால் பெருக்கி, 75-ஆல் வகுக்க வேண்டும். வருவது தண்ணீருக்குத் தேவையான எச்.பி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு இவ்வளவு சுலபம். அந்த 75, ஜெர்மானியர்கள் முழுசாக்கின அதே 75.

அப்படியென்றால் 735.5-க்கும் 745.7-க்கும் உள்ள வித்தியாசத்தால் விவசாயிக்கு நஷ்டமா? இல்லை. வித்தியாசம் 1.4 சதவீதம். 5 எச்.பி. மோட்டாரில் அது 51 வாட், ஒரு சீலிங் ஃபேன் அளவுகூடத் தேறாது. தண்ணீரில் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு குடம். வரிக்கோட்டின் விளிம்பில் நிற்கும் இன்ஜினுக்குத்தான் இந்த ஒன்றரை சதவீதம் வாழ்வா சாவா. மற்றபடி இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. மோட்டாரின் தகட்டில் இருக்கும் 5 எச்.பி. என்பது மோட்டாரின் தண்டு வெளியே தரும் திறன். அது பம்புக்குள் போகிறது. பம்ப் அதில் ஒரு பகுதியைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும். மீதி சூடாகவும் அதிர்வாகவும் உராய்வாகவும் போய்விடும். எத்தனை போகும் என்பதை அந்த எச்.பி. எண் சொல்லவே சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த ஏற்றம் 100 மீட்டர், கிட்டத்தட்ட 330 அடி. 5 எச்.பி. மோட்டார். பம்பின் செயல்திறன் 50 சதவீதம் என்றால் தண்ணீருக்குக் கிடைப்பது இரண்டரை எச்.பி. சூத்திரத்தில் போட்டால் விநாடிக்கு 1.875 லிட்டர், மணிக்கு 6,750 லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் சுமார் 1,02,800 லிட்டர் தேவை. ஆக, மோட்டார் 15 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்.

இப்போது கடைக்காரர் சொன்னபடி 7.5 எச்.பி. போடுகிறோம். ஆனால் பம்ப் அந்த ஆழத்துக்குப் பொருந்தாத பம்ப். செயல்திறன் 40 சதவீதம்தான். தண்ணீருக்குக் கிடைப்பது 3 எச்.பி. அதே இடத்தில் 60 சதவீதச் செயல்திறன் உள்ள பம்பைப் பொருத்தியிருந்தால் 5 எச்.பி. மோட்டாரிலேயே அதே 3 எச்.பி. கிடைத்திருக்கும். இரண்டிலும் மணிக்கு 8,100 லிட்டர். தண்ணீர் ஒரு சொட்டு கூடவில்லை. மோட்டார் விலை கூடிவிட்டது, தட்கல் கட்டணம் ரூ.25,000 கூடிவிட்டது. மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் என்று வைத்தால், சின்னது மணிக்கு 4.6 யூனிட் இழுக்கும், பெரிசு 6.9 யூனிட் இழுக்கும்.

ஏற்றம் என்றால் போரின் ஆழம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு. அதோடு மேட்டுக்காட்டுக்கு ஏற்றும் உயரமும், குழாயின் நீளத்தால் வரும் உராய்வும் சேரும். ஒல்லிக் குழாயில் அரை கிலோமீட்டர் தள்ளினால் அதுவே பல மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். "அஞ்சு இழுக்கல" என்று புகார் வரும் இடங்களில் மோட்டாரை மாற்றும் முன் குழாயைப் பார்ப்பது செலவு குறைவான வேலை.

நீர்மட்டம் இறங்கினால்? 100 மீட்டர் 150 ஆனால், அதே 50 சதவீதச் செயல்திறன் இருந்தாலும் தண்ணீர் மணிக்கு 4,500 லிட்டராகக் குறைந்துவிடும். அந்த ஓர் அங்குலத்துக்கு இப்போது 23 மணி நேரம் வேண்டும். அதனால்தான் கோடைக்குக் கோடை ஐந்து ஏழரையாகிறது, ஏழரை பத்தாகிறது. ஊரே பத்துக்கு மாறினால் நீர்மட்டம் இன்னும் இறங்கும்.

இலவச மின்சாரமும் எச்.பி.யும்

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் ஓட்டம் பார்த்து பில் போடுவதில்லை. அப்புறம் எவ்வளவு செலவானது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எச்.பி. மறுபடியும் வருகிறது. பல ஆண்டுகளாக, இணைப்பின் எச்.பி. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கில்தான் அரசு மின் வாரியத்துக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது.

ஆக, பதிவேட்டில் 5 என்று இருந்து கிணற்றில் ஏழரை ஓடினால் கணக்கே ஆட்டம் காணும். டிரான்ஸ்ஃபார்மர் பதிவேட்டை நம்பி வைக்கப்பட்டது. சுமையோ கிணற்றைப் பொறுத்தது. மின்னழுத்தம் குறையும், அந்த லைனில் இருக்கும் எல்லோருடைய மோட்டார் காயிலும் சூடாகும், ரீவைண்டிங் கடைக்கு வேலை வரும். இது தேனியின் தனிக்கதை இல்லை. பஞ்சாபில் கூடுதல் எச்.பி.யை விவசாயிகள் தாங்களாகவே அறிவித்து முறைப்படுத்திக்கொள்ள அவ்வப்போது தனித் திட்டமே அறிவிக்கிறார்கள்.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கரன்ட் காசு கையிலிருந்து போகாதபோது, நல்ல செயல்திறன் உள்ள பம்புக்குக் கூடுதல் விலை கொடுக்க யாருக்குத் தோன்றும்? எரிசக்திச் சிக்கன நிறுவனம் பம்ப்செட்களுக்கும் ஃப்ரிட்ஜ் மாதிரி நட்சத்திரக் குறியீடு கொடுக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்பது எச்.பி.யைத்தான்.

எச்.பி. சுத்தமாகத் தேவைப்படாத தண்ணீரும் இதே பள்ளத்தாக்கில் ஓடுகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு முல்லைப்பெரியாறு தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது. வரும் வழியில் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் அதே சூத்திரம் தலைகீழாக வேலை செய்கிறது. லிட்டரை மீட்டரால் பெருக்கினால் அங்கே மின்சாரம் வரும். தொடக்கத்தில் நான்கு இயந்திரங்களும் சேர்ந்து 140 மெகாவாட். பிறகு திறன் கூட்டப்பட்டது. அந்தப் பழைய 140-ஐ மெட்ரிக் குதிரையில் சொன்னால் சுமார் 1.9 லட்சம் எச்.பி., கிட்டத்தட்ட 38,000 ஐந்து எச்.பி. மோட்டார்களின் திறன். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் தருவதை, மேட்டுக்காட்டில் ஏறும் தண்ணீர் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

டிராக்டரில் 50 என்பது 50 தானா?

மோட்டாருக்கு அடுத்து எச்.பி. பார்த்து வாங்குவது டிராக்டர். இங்கே கோடு போட்டது மாசு விதி. 2023 ஜனவரி முதல் 37 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறன் உள்ள டிராக்டர்களுக்கு 'டிரெம்-4' கட்டாயம். பேச்சு வழக்கில் இதை '50 எச்.பி.க்கு மேல்' என்கிறார்கள். இன்ஜினில் கூடுதல் எலக்ட்ரானிக்ஸ் வருவதால் விலையும் ஏறும். அதனாலேயே 50-க்கு ஒரு நூல் கீழே நிற்கும் மாடல்கள் சந்தையில் ஏராளம்.

37 கிலோவாட் சரியாக எத்தனை எச்.பி.? மெட்ரிக்கில் 50.3. பிரிட்டிஷ் கணக்கில் 49.6. ஆனால் இங்கே விதி கிலோவாட்டில் எழுதப்பட்டிருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. எந்தக் குதிரையில் சொன்னாலும் டிராக்டர் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு. ஜி.எஸ்.டி. பட்டியலின் '15 எச்.பி.'யும் இப்படி எழுதப்பட்டிருக்கலாம்.

டிராக்டரிலும் 'எந்த முனை' கேள்வி உண்டு. விளம்பரத்தில் வருவது இன்ஜின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவதோ பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேர்வது பொதுவாக இன்ஜின் திறனில் 80 முதல் 90 சதவீதம் வரை. வேளாண் இயந்திரமயமாக்கல் மானியத் திட்டம் டிராக்டர்களைப் பிரிப்பது இந்த பி.டி.ஓ. எச்.பி.யை வைத்துத்தான்: 8 முதல் 20, 20-க்கு மேல் 40 வரை, 40-க்கு மேல் 70 வரை. பவர் டில்லருக்கு வந்தால் அதே திட்டம் 'பி.எச்.பி.' என்கிறது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நுழையும் மினி டிராக்டர் வாங்கப் போகிறவர், இன்ஜின் எச்.பி.யைப் படித்துவிட்டு மானியப் பட்டியலைப் பார்த்தால் தப்பான வரிசையைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

மலை ஏறும் ஜீப்புகள்

மோட்டார் ஒரே இடத்தில் நிற்கும், டிராக்டர் காட்டுக்குள் ஓடும். மலை ஏறும் இன்ஜினுக்கு எச்.பி. இன்னும் ஒரு விதத்தில் மாறும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தினமும் ஜீப்புகளில் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஏற்றக்கூடிய ஆட்களைவிட அதிகமாக ஏற்றுவதும், விபத்துகளும் பழைய செய்தி.

மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பழைய இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதத் திறனை இழக்கும். தகட்டில் உள்ள எண் கீழே அளந்தது. ஆனால் ஜீப்புக்கு எச்.பி. போதவில்லை என்பது பெரும்பாலும் உண்மை இல்லை. ஆட்களோடு 2,500 கிலோ எடை, போடியிலிருந்து மேலே ஏற வேண்டியது சுமார் 1,000 மீட்டர், நேரம் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75-ஆல் வகுத்தால், எடையைத் தூக்க மட்டும் சராசரியாகத் தேவை 14 எச்.பி. சாலை உராய்வு தனி. ஐம்பது அறுபது எச்.பி. இன்ஜினுக்கு இது பெரிய சுமையே இல்லை. வண்டி ஏறிவிடுகிறது, அதனால்தான் இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்று தோன்றுகிறது.

சிக்கல் சாயங்காலம் இறங்கும்போது. அதே 40 நிமிடத்தில் இறங்கினால் அந்த 14 எச்.பி., அதாவது 10 கிலோவாட், எங்கேயாவது போயாக வேண்டும். டயர் உராய்வு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் பிடிப்பும் பிரேக்கும் வெப்பமாக மாற்ற வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடித்தால் மொத்தமும் பிரேக் டிரம்முக்குப் போகும்; பத்து இஸ்திரிப் பெட்டிகளின் சூடு அது. கூடுதலாக ஐந்து பேர் ஏறினால் இன்னும் 12 சதவீதம். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும்போது வண்டி இருப்பது கொண்டை ஊசி வளைவில்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான். சீட் கணக்குக்கு மேல் ஆள் ஏற்றாமல் தடுக்கும் பொறுப்பு, மலையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம் என இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகளிடமும் காவல் துறைகளிடமும் இருக்கிறது.